ஷபாத் காலையில் ஒரு ஆர்ப்பாட்டம்: ரொறன்ரோவில் யூத ஆலயத்துக்கு வருவோரைப் பாதுகாப்பது எப்படி?

பாதர்ஸ்ட் வீதியில், ஷெப்பர்ட் சந்திக்கு வடக்கே, யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்தில், அதாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில், போனவர்கள் கவனித்திருப்பீர்கள். நல்ல உடுப்போடு குடும்பம் குடும்பமாக நடந்து போவார்கள். தகப்பனின் கோட்டுக்குக் கீழே வெள்ளை நூல்கள் தொங்கும். பனி கொட்டினாலும் நடைதான். அந்த நேரம் நான் ஒரு யூத ஆலயத்தின் வாசலில் நிற்பேன். செக்யூரிட்டி வேலை. இந்த நகரத்தில் ஒருவராவது செக்யூரிட்டி உடுப்புப் போடாத தமிழ்க் குடும்பம் குறைவு என்பதால் அதை விளக்கத் தேவையில்லை.

2023 ஒக்டோபரில் காஸாப் போர் தொடங்கிய பிறகு எங்கள் பெடியள் பலரை யூத ஆலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போடுகிறார்கள். அடிக்கடி எனக்கு வரும் போன் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணை, ரோட்டில கத்திக்கொண்டு நிக்கினம். நான் என்ன செய்யிறது?" அதற்கான நீண்ட பதில் இது. பக்கத்து வீட்டுக்காரர், கோயில் நிர்வாகசபையில் இருப்பவர், ஆர்ப்பாட்டம் ஒழுங்கு செய்பவர் ஆகியோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

ஆர்ப்பாட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. 2009 மே 10, அன்னையர் தினத்தன்று, இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் என் அம்மாவும் ஒருவர். காஸாவில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீதிக்கு வராமல் வேறு எங்கே போவது? ஆனால் ஒரு அரசிடம் கேட்கவேண்டிய கேள்வியை, செபிக்கப் போகிற ஒரு கிழவியிடம் கேட்டால் அது வேறு. கொழும்பில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, செய்யாத ஒன்றுக்குப் பதில் சொல்லி நின்ற எவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

பயம் கற்பனை இல்லை. கனடாவின் சனத்தொகையில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. 2023இல் மதத்தின் பேரில் நடந்ததாகப் பொலிஸ் பதிவு செய்த வெறுப்புக் குற்றங்களில் 900, அதாவது 70 வீதம், அவர்களுக்கு எதிரானவை. 2024இல் வட ரொறன்ரோவில் ஒரு யூதப் பெண்பிள்ளைகள் பாடசாலைமீது மூன்று தடவை இரவில் சுட்டார்கள். அதற்கும் ஆர்ப்பாட்டக்காரருக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வாசலுக்கு வரும் தாய்க்குக் கூச்சல் கேட்கும்போது அந்தச் சூட்டுத் துளைகள்தான் ஞாபகம் வரும். அவருடைய முகத்தை அதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்.

படி 1: யாரைப் பாதுகாக்கிறீர்கள் என்று படியுங்கள்

ஷபாத் வெள்ளி சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, சனி இரவு வானம் இருட்டும்வரை. அந்த நேரத்தில் வைதீக யூதர்கள் கார் ஓடமாட்டார்கள், போன் தொடமாட்டார்கள், எழுதமாட்டார்கள், மின் பொத்தானை அழுத்தமாட்டார்கள். சீர்திருத்த மரபினர் காரில் வருவார்கள், போனும் வைத்திருப்பார்கள். உங்கள் ஆலயம் எந்த வகை என்று முதல் நாளே கேளுங்கள். பாதுகாப்புத் திட்டம் முழுக்க இதில்தான் தங்கியிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். நான் முதலில் நின்ற இடத்தில் பின்கதவுக்கு எண் அழுத்தும் மின்பூட்டு போட்டிருந்தார்கள். புது நிறுவனம், நல்ல பூட்டு. சனிக்கிழமை காலை ஒரு முதியவர் அதன் முன்னால் வந்து பேசாமல் நின்றார். நான் "நம்பர் மறந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நம்பர் தெரியும், அழுத்த முடியாது. வீதியில் கூச்சல் கிடக்க, அந்த மனிதர் யாராவது உள்ளிருந்து திறக்கும்வரை வெளியே நிற்கவேண்டும். ஷபாத்தில் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், அல்லது சாவி போடும் சாதாரணப் பூட்டு வேண்டும். அழைப்புமணி, கமராவைப் பார்த்துப் பேசும் பெட்டி எல்லாம் அன்றைக்கு உதவாது.

வீதியில் நடந்து வரும் இருநூறு பேரில் ஒருவரிடமும் போன் இராது. யாராவது பின்தொடர்ந்தால் அவர்களால் படம் எடுக்க முடியாது, கணவனைக் கூப்பிட முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் கட்டுப்பாடுகள் விலகும், அது அவர்களுடைய மார்க்கத்திலேயே உள்ள விதி. 911ஐ அழைக்கத் தயங்கமாட்டார்கள். ஆனால் "ஆபத்தா, வெறும் மிரட்டலா?" என்று சந்தேகமாக இருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அவர்களிடம் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் நீங்கள்.

இன்னொன்று, மின்யான். கூட்டுச் செபத்துக்குப் பத்துப் பேர் வேண்டும், வைதீக மரபில் பத்து ஆண்கள். பெற்றோரை இழந்தவர் பதினொரு மாதம் சொல்லும் கதீஷ் என்ற செபத்தை அந்தப் பத்துப் பேர் இல்லாமல் சொல்ல முடியாது. பெரிய ஆலயங்களில் பிரச்சினை இல்லை. சிறியவற்றில், சாதாரண நாட்களில், இரண்டு பேர் பயந்து வீட்டில் நின்றுவிட்டால் ஒன்பதாவது ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குத் தகப்பனுக்காகச் செபம் சொல்ல வந்தவர் சொல்லாமலே வீட்டுக்குப் போவார். அந்தியேட்டிக்கு ஐயர் வராமல் போன வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவரையும் அடிக்காமல், கண்ணாடி உடைக்காமல், மிரட்டல் செய்யும் வேலை இது.

பண்டிகைகளையும் நாட்காட்டியில் குறியுங்கள். யோம் கிப்பூர் நோன்பன்று ஆண்டு முழுக்க வராதவரும் வருவார், நாள் முழுக்க உள்ளே இருப்பார்கள். பூரிம் அன்று பெரியவர்களும் முகமூடியோடு வருவார்கள். வாசலில் நிற்பவனுக்கு அது தலையிடி.

படி 2: வாசலைவிட வழியைப் பாருங்கள்

புதிய காவலர்கள் எல்லாரும் செய்யும் பிழை, கதவடியில் போய் நிற்பது. கதவடியில் ஒருவரும் மிரட்டப்படுவதில்லை. அங்கே கமராவும் ஆட்களும் இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்துக்கும் ஆலயத்துக்கும் இடையில், பக்கத் தெருவில், கூட்டம் கலைந்து போகும் பாதையில்தான் நடக்கும். ஆர்ப்பாட்டம் முடிந்து கொடியைச் சுருட்டிக்கொண்டு போகிற நாலு இளைஞர்கள், செபம் முடிந்து வருகிற ஒரு தகப்பனையும் மகனையும் நடைபாதையில் சந்திக்கும் இடம். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாதாரண சனிக்கிழமை ஒன்றில், உடுப்பு மாற்றிக்கொண்டு, ஆலயத்தாரோடு சேர்ந்து அந்த வழிகளை நடந்து பாருங்கள். எத்தனை பேர் எந்தத் தெருவால் வருகிறார்கள், எங்கே நடைபாதை ஒடுங்குகிறது, எந்த வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் திறப்பார். சக்கர நாற்காலியில் வருபவர் யார், தனியாக வரும் கிழவி யார். பிறகு ஒரு தாளில் இரண்டு மாற்று வழிகளை வரையுங்கள். ஆலயத்தார் அதை வெள்ளி பின்னேரத்துக்கு முன் எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். வெள்ளி இரவு அனுப்பிய மின்னஞ்சலை ஷபாத் முடிந்த பிறகுதான் படிப்பார்கள்.

தனியாக வருபவரை இன்னொரு குடும்பத்தோடு சேர்த்து நடக்கவிடுவது நான் பார்த்ததிலேயே நல்ல ஏற்பாடு. செலவில்லை. ஆனால் "உங்களுக்குத் துணை வேண்டுமா?" என்று கேட்டால் ஒருவரும் ஓம் என்று சொல்லமாட்டார்கள். "அந்த வழியால்தானே வாறீங்கள், இவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ" என்று சொல்ல வேண்டும்.

படி 3: சட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

நான் வழக்கறிஞன் இல்லை. வேலைக்குத் தெரிந்திருக்க வேண்டிய அளவுதான் சொல்கிறேன்.

ஆலயத்தின் காணிக்குள் உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஒன்ராறியோவின் அத்துமீறல் சட்டப்படி, நிர்வாகத்தின் சார்பில் ஒருவரை வெளியே போகச் சொல்லலாம். நடைபாதையில் உங்களுக்குச் சாதாரண மனிதனுக்கு உள்ள உரிமைதான். அங்கே ஒருவர் கொடி பிடித்தால், பாட்டுப் பாடினால், உங்களைப் பார்த்துக் கத்தினால்கூட, உங்களால் தள்ள முடியாது. தொட்டால் அடுத்த வாரம் நீதிமன்றத்தில் நிற்பது நீங்கள்தான்.

குற்றவியல் சட்டத்தில் 176ஆம் பிரிவு பழையது, பலருக்குத் தெரியாதது. மதகுருவைத் தன் கடமையைச் செய்யவிடாமல் மறிப்பதும், வழிபாட்டுக்கூட்டத்தை வேண்டுமென்றே குழப்புவதும் அதன்கீழ் குற்றம். 2017இல் இதை நீக்க மத்திய அரசு முயன்றது. மத அமைப்புகள் எதிர்த்தபின், எல்லா மதத்துக் குருமாரும் அடங்கும்படி சொல்லை மாற்றி வைத்துக்கொண்டது. எங்கள் கோயில் ஐயருக்கும் அது பொருந்தும். வெறுப்பினால் ஆலயச் சொத்தைச் சேதப்படுத்தினால் 430ஆம் பிரிவின்கீழ் பத்து வருடம்வரை போகலாம். ஒருவரைத் தொடர்ந்து பின்சென்று பயப்படுத்துவது 264ஆம் பிரிவு.

மாநகரத் துணைச்சட்டங்கள் புதியவை. ரொறன்ரோவில் 2025 யூலை 2 முதல், வழிபாட்டிடங்கள், பாடசாலைகள், பிள்ளைப் பராமரிப்பு நிலையங்கள் விண்ணப்பித்தால், காணி எல்லையிலிருந்து 50 மீற்றர்வரை ஒரு வளையம் ஓராண்டுக்குக் கிடைக்கும். அதற்குள் வருவோர் போவோரை மறிக்கவோ மிரட்டவோ கூடாது. கவனியுங்கள்: விண்ணப்பித்தால் மட்டும். வளையம் தானாக வராது. உங்கள் ஆலயம் விண்ணப்பித்ததா, எந்தத் திகதியில் முடிகிறது என்று தெரியாமல் "இது தடைசெய்யப்பட்ட பகுதி" என்று சொல்லி மாட்டுப்படாதீர்கள்.

ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி, அடுத்த நகரமான வாகனுக்குள் (Vaughan) போனால் கதை வேறு. 2024 யூனில் அங்கே 100 மீற்றர் தூரத்துக்குத் தொந்தரவான ஆர்ப்பாட்டங்களைத் தடுத்தார்கள். தண்டம் ஒரு லட்சம் டொலர்வரை. பிரம்ரனும் அதே ஆண்டு நவம்பரில் 100 மீற்றர் என்று வைத்தது. ஒரே கம்பனிக்காக மூன்று இடத்தில் வேலை செய்கிறவர்கள் மூன்றையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வளையம் என்ற எண்ணம் கருக்கலைப்பு நிலையங்களின் வாசலில் பிறந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 1995இல் கொண்டுவந்தது, அந்த மாகாண நீதிமன்றங்கள் அது செல்லும் என்றன. ஒன்ராறியோ 2017இல் பின்பற்றியது. ஆலயங்களுக்கு அதையே போடுவதை கனேடிய சிவில் உரிமைச் சங்கம் எதிர்க்கிறது. உரிமைச் சாசனத்தின் 2ஆம் பிரிவு மத சுதந்திரத்தையும் பேச்சையும் அமைதியாகக் கூடுவதையும் ஒரே மூச்சில் தருகிறது, மற்றவர்களை நசுக்கி ஒன்றை மட்டும் வளர்க்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. என் அனுபவத்தில் 50 மீற்றர் என்பது நான்கு பள்ளி பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம். ஒலிபெருக்கி அதைச் சிரித்துக்கொண்டே தாண்டும். தூரம் கையைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது.

சிக்கலான இடம்

2024 மார்ச்சில் தோர்ன்ஹில்லில் ஒரு யூத ஆலயத்தின் மண்டபத்தில் இஸ்ரேலிய வீடு, காணி விற்பனை நிகழ்ச்சி நடந்தது. அதற்கு எதிராக வெளியே பெரிய ஆர்ப்பாட்டம். "நாங்கள் வந்தது விற்பனைக்கு எதிராக, வழிபாட்டுக்கு அல்ல" என்றார்கள். "இது எங்கள் செபவீடு" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி பிரம்ரன் இந்து சபா கோயிலில் இந்தியத் தூதரக அதிகாரிகளின் முகாம் நடந்தபோது, காலிஸ்தான் ஆதரவாளர்கள் வெளியே வந்து, கடைசியில் கோயில் வளவிலேயே அடிபிடி நடந்ததும் இதே வகைதான்.

நிர்வாகசபைகளுக்கு என் புத்திமதி: அரசியல் சூடுள்ள நிகழ்ச்சியைச் செபநேரத்தோடு ஒரே நாளில் வைக்காதீர்கள், முடிந்தால் ஒரே கட்டடத்திலும் வைக்காதீர்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இல்லை என்பதல்ல. அன்று மாலைச் செபத்துக்கு வருகிற கிழவர் எதற்கு வந்தார் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படி 4: முன்கூட்டியே பேசுங்கள்

ஆர்ப்பாட்டச் செய்தி பெரும்பாலும் சமூக வலைத்தளத்தில் மூன்று நான்கு நாள் முன்னரே வரும். கண்டவுடன் பொலிஸ் நிலையத்தின் சமூகத் தொடர்பு அதிகாரிக்குச் சொல்லுங்கள். செபம் தொடங்கும், முடியும் நேரங்களை எழுத்தில் கொடுங்கள். "சனி காலை" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. "9:00 முதல் 9:30 வரை ஏறத்தாழ 200 பேர், பாதிப்பேர் சிறுவர், இந்த மூன்று தெருக்களால்" என்று சொன்னால் ஆளை அனுப்புவார்கள்.

யூத சமூகத்துக்குச் சொந்தப் பாதுகாப்பு வலையமைப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டுத் தனியாக ஓடாதீர்கள். விளக்கு, வேலி, கமரா, காவலர் செலவுக்கு மத்திய அரசின் கனடா சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அது யூதர்களுக்கு மட்டும் உரியதல்ல. கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் கேட்கலாம். 2017இல் கியூபெக் பள்ளிவாசலில் ஆறு பேர் தொழுகை முடிந்தவுடன் கொல்லப்பட்டதை மறக்க முடியாது.

ஆர்ப்பாட்ட ஒழுங்கமைப்பாளரோடு பேசலாமா என்று கேட்பார்கள். பேசலாம், பேசுங்கள். காவலராக நீங்கள் போகாமல், இரு பக்கத்துக்கும் தெரிந்த ஒருவர் மூலம். கேட்கவேண்டியது சின்ன விஷயம்: செபம் முடிந்து கலையும் அந்த அரை மணிநேரம் வேறு தெருவில் நில்லுங்கள். கோரிக்கை சின்னதாக இருந்தால் ஓம் என்று சொல்வது சுலபம்.

நீங்களே ஆர்ப்பாட்டம் ஒழுங்கு செய்பவரானால்: பாதையில் யூத ஆலயம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஷபாத் நேரத்தில் அதைக் கடக்காதீர்கள், கடக்கத்தான் வேண்டும் என்றால் ஒலிபெருக்கியை நிறுத்தி நடந்து போங்கள். தொப்பி போட்டவர், தாவீதின் நட்சத்திரம் அணிந்தவர் எதிரே வந்தால் அவரை நோக்கிக் கோஷத்தைத் திருப்பாமல் பார்க்க உங்கள் தொண்டரில் இரண்டு பேரை அதற்கென்றே விடுங்கள். உங்கள் ஊர்வலத்துக்குள்ளும் யூதர்கள் நடப்பார்கள் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

படி 5: அன்றைய நாள்

கூட்டத்துக்கு முதுகு காட்டாதீர்கள், முகத்துக்கு முகம் முறைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், கை தெரியட்டும். வருபவர்களுக்கு "குட் ஷபெஸ்" என்று சொல்லுங்கள், சத்தமாக, ஒவ்வொருவருக்கும். இது மரியாதைக்கு மட்டுமல்ல. பதில் சொல்லாமல் போகிறவரை உடனே கவனிக்க முடியும். வருபவருக்கும் கூச்சலுக்கு நடுவே ஒரு நட்பான குரல் கேட்கும்.

முன்வாசலில் சத்தம் கூடினால் பக்கவாசலைத் திறவுங்கள், ஆனால் எல்லாரையும் பின்கதவால் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "இருபத்தெட்டு வருடமாக இந்த வாசலால் போகிறேன்." அவர் முன்வாசலால்தான் போனார். நான் பக்கத்தில் நடந்தேன். முடிவு அவர்களுடையது, இரண்டு வழியையும் பாதுகாப்பாக வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

கதவு எப்போது அடைக்கவேண்டும், யார் சொல்வது என்பதை முன்பே முடிவெடுங்கள். 2025 ஒக்டோபர் 2, யோம் கிப்பூர் நாளில் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க் ஆலயத்தில் காரால் மோதி, கத்தியோடு வந்தவனை உள்ளே விடாமல், உள்ளே இருந்தவர்கள் கதவை உடம்பால் தாங்கி அடைத்தார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். அது ஆர்ப்பாட்டம் அல்ல, தாக்குதல். ஆனால் எல்லாரும் வீதிக் கூச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மறுபக்கத்தால் வரும் காரைப் பார்க்க ஒருவர் வேண்டும். அவரைக் கூட்டத்தைப் பார்க்க விடாதீர்கள்.

முகத்தைப் படம் பிடிப்பார்கள். பொது இடத்தில் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமில்லை, பறிக்கப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கும் கமராவுக்கும் நடுவில் நடந்து போங்கள், போதும்.

ஆபத்து என்றால் 911. ஆபத்தில்லை, ஆனால் பொலிஸ் வேண்டும் என்றால் ரொறன்ரோவில் 416-808-2222.

படி 6: கொப்பியில் எழுதுங்கள்

இதில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "ஆர்ப்பாட்டக்காரர் யூதர்களைத் திட்டினார்கள்" என்று ஒரு வரி. இதை வைத்து ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"9:42. நடைபாதை, ஆலய வேலியிலிருந்து ஏறத்தாழ 6 மீற்றர். பச்சை ஜாக்கெட், ஆண், 20–25. ஒரு ஆணும் ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவனும் தெற்கிலிருந்து வந்தார்கள். அவர்கள் முன்னால் வந்து வழிமறித்து நின்றார், ஏறத்தாழ 20 செக்கன். சொன்னது (ஆங்கிலம், நான் கேட்டபடி):..." பிறகு சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தை என்று நாகரிகமாக மாற்றாதீர்கள்.

யாரை நோக்கிச் சொன்னார் என்பது முக்கியம். வானத்தைப் பார்த்து ஒரு அரசைத் திட்டுவதும், ஒரு மனிதரின் முகத்துக்கு முன்னால் நின்று திட்டுவதும் நீதிமன்றத்தில் ஒன்றல்ல. அதே போல ஆலயத்தார் பக்கம் யாராவது ஆர்ப்பாட்டக்காரரைத் தள்ளினாலும் எழுதுங்கள். எங்கள் கொப்பி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தது என்று தெரிந்தால் பிறகு அதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பொலிஸ் அன்றே வாக்குமூலம் கேட்டால், ஷபாத் கடைப்பிடிக்கிற சாட்சி வாயால் சொல்வார், கையெழுத்துப் போடமாட்டார். ஒளிக்கிறார் என்று அதிகாரி நினைக்கலாம். "இரவு எட்டு மணிக்குப் பிறகு கையெழுத்திடுவார்" என்று நீங்கள்தான் விளக்கவேண்டும். கோடையில் அது பத்து மணியாகும்.

படி 7: அன்று வராதவர்

கூட்டம் போய்விட்டது, வீதியில் இரண்டு அட்டைகள் கிடக்கின்றன. பெரும்பாலானோர் இதோடு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நான் ஆலயக் காரியதரிசியிடம் ஒன்று கேட்பேன்: வழமையாக வருகிறவர்களில் இன்றைக்கு யார் வரவில்லை? அவர்களுக்குப் பெயரெல்லாம் மனப்பாடம். எழுத முடியாததால் அவர் விரல் விட்டுச் சொல்ல, நான் எழுதுவேன்.

சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து ஷபாத் முடிந்த பிறகுதான் போன் எடுப்பார்கள், அதற்கு முன் அடிக்காதீர்கள். அழைப்பது ஆலயத்தார், காவலர் அல்ல. "ஏன் வரவில்லை?" என்று கேட்கச் சொல்லாதீர்கள், வெட்கப்பட்டு, தடிமன் என்பார்கள். எந்தத் தெருவால் வருகிறார், அடுத்த கிழமை யாரோடு நடந்தால் வசதி என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசியாக அப்படி அழைத்தபோது, தனியாக இருக்கிற ஒரு ஐயா, ஃபிஞ்ச் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தடியில் கூட்டத்தைக் கண்டு திரும்பிப் போனதாகச் சொன்னாராம். அந்த நிறுத்தம் எங்கள் வரைபடத்தில் இருக்கவில்லை. இப்போது சனிக்கிழமை 8:40க்கு ஒரு பெடியன் அங்கே நிற்கிறான்.